செயல் முதலில், துணிவு பிறகு: தோட்டத்துப் பட்டணத்தில் தன்னம்பிக்கையையும் மகிழ்ச்சியையும் வளர்த்துக்கொள்ளும் வழி

தன்னம்பிக்கை வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு மேடைதோறும் சொல்லப்படுகிறது; அதை எப்படிப் பெறுவது என்று சொல்லித் தருபவர்கள்தாம் குறைவு. மலேசியாவில் பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற கெடா மாநிலத்துப் பட்டணங்களைச் சுற்றியுள்ள பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும், அந்தத் தோட்டங்களைவிட்டு வெளியேறியவர்கள் குடியேறிய தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளிலும் இந்தக் குறை வெளிப்படையாகவே தெரிகிறது. தமிழ்ப்பள்ளியில் கணீரென்று பேசிப் பரிசு வாங்கிய பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு வகுப்பில் கையை உயர்த்தத் தயங்குகிறான். இருபது ஆண்டுகள் பால் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாய், வங்கியில் ஒரு கேள்வி கேட்க மகளைத் துணைக்கு அழைத்துச் செல்கிறாள். இவர்களிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் திறமையை இன்னோர் இடத்தில் பயன்படுத்தும் பழக்கம்தான் இன்னும் ஏற்படவில்லை.

துணிவு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்குத் துணிவு வருவதே இல்லை. சிறிய செயல் ஒன்றைச் செய்து முடித்த பிறகுதான், அதன் கூலியைப் போல, துணிவு வந்து சேர்கிறது. மகிழ்ச்சியும் பெரும்பாலும் அப்படித்தான். மனம் நன்றாக இருக்கும்போது வெளியே போகலாம் என்று இருப்பவரைவிட, மனம் இல்லாவிட்டாலும் போய் வந்தவரே அன்று இரவு நன்றாகத் தூங்குகிறார். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வழிகள் எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவை.

கண்ணாடி முன் பேசுவதை விட்டுவிடலாம்

"என்னால் முடியும், நான் சிறந்தவன்" என்று தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லும்படி தன்முனைப்புப் பயிற்சிகளில் கற்றுத் தருகிறார்கள். இது எல்லாருக்கும் பயன் தருவதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுபவர்கள் இத்தகைய வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அதைச் சொல்லாதவர்களைவிட அவர்களுடைய மனநிலை தாழ்ந்திருந்தது தெரியவந்தது. இதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வாய் ஒன்றைச் சொல்லும்போது, மனம் அதற்கு எதிரான சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. தன்னைத் தானே நம்பாத ஒருவருக்குப் பாராட்டு வாசகத்தைவிடச் சான்றே தேவை.

அந்தச் சான்று எங்கிருந்து கிடைக்கும் என்பதை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தெளிவாக விளக்கினார். அவர் 1925இல் கனடாவின் முண்டேர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு பள்ளி, அதிலும் ஆசிரியர்களுக்கும் புத்தகங்களுக்கும் பற்றாக்குறை. அங்கே படித்த பிள்ளைகள் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் தோட்டத்துப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி மிக நெருக்கமாக இருக்கும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்றார் பண்டூரா: தானே செய்து வெற்றி பெற்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தல், நம்பத் தகுந்தவர் தரும் ஊக்கச்சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றுள் மிக வலிமையானது முதலாவதுதான். நாமோ ஊக்கச்சொல்லை மட்டுமே அள்ளி வழங்கிவிட்டு மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த நம்பிக்கை செயலுக்குச் செயல் மாறுபடுகிறது. நாற்பதடிச் செம்பனை மரத்தில் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் குலையைத் தள்ளும் ஒருவருக்கு அந்த வேலையில் தயக்கமே இருக்காது. அவரே பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் வியர்த்துப் போவார். ஆகவே "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று மொத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில், எந்தச் செயலில், யார் முன்னிலையில் தயக்கம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதினாலே, பெரும் பாரமாகத் தோன்றியது ஐந்தாறு தனித்தனிச் செயல்களாகப் பிரிந்துவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம்.

வங்கிக் கவுண்டரில் தனியாகப் பேசுவதற்கு ஒரு பயிற்சி

மலாய் மொழியில் அதிகாரிகளிடம் பேசும் அச்சத்தையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நம் பக்கத்தில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது. முன்பு தோட்டத்தில் வேலை செய்து இப்போது தொழிற்சாலைக்குப் போகும் ஒரு தாய், வங்கிக் கணக்கில் உள்ள தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் படிவம் படிக்கும் மகள் கூட வந்து, அவளே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறாள். காரியம் நடந்துவிடுகிறது, ஆனால் தாயின் மனத்தில் பதிவது "மகள் இருந்ததால் தப்பித்தேன்" என்ற எண்ணம் மட்டுமே. ஒவ்வொரு முறை துணையோடு போகும்போதும் அச்சம் சற்று வளர்கிறதே தவிரக் குறைவதில்லை.

இதை மாற்ற, ஏணியைப் போலப் படிகளை அமைத்துக்கொள்ள வேண்டும். முதல் படி வீட்டிலேயே இருக்கிறது. சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு, "சாயா நாக் தூக்கார் நொம்போர் தெலிஃபோன்" என்று மகளிடம் நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம். அடுத்து, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மலாய்க்காரர் கடையில் விலையைக் கேட்பதோடு நின்றுவிடாமல், இது எந்த ஊர்ப் பழம், எத்தனை நாள் தாங்கும் என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு வரலாம். அதற்கடுத்த படியாக, அஞ்சலகத்தில் மின்கட்டணம் கட்டும்போது பணத்தை நீட்டிவிட்டுத் திரும்பாமல், ஏதேனும் ஒரு விவரத்தைக் கேட்டுப் பதில் பெற்று வர வேண்டும். பிறகு வங்கிக்கு மகளோடு போகலாம். ஆனால் மகள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தாய் மட்டும் கவுண்டருக்குச் செல்ல வேண்டும். கடைசிப் படியில் தனியாகப் போக வேண்டும்.

ஒரு படியில் ஒரு முறை ஏறியவுடனே அடுத்த படிக்குத் தாவக் கூடாது. அதே செயலை வேறு வேறு நாட்களில் திரும்பச் செய்து, நெஞ்சுப் படபடப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். எந்த அளவு கடினமான செயலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பால் வெட்டுபவரின் கையே நல்ல வழிகாட்டி: கத்தி மேலோட்டமாகப் பட்டால் பால் வராது, ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் பட்டை கெட்டுவிடும், மெல்லிய சீவலாக வெட்டுவதே முறை. செய்வதற்குச் சற்றும் தயக்கம் தராத செயல் நமக்கு எதையும் கற்றுத் தராது. மூச்சு முட்டும் செயல் நம்மைப் பின்வாங்கச் செய்துவிடும்.

இந்தப் பயிற்சியில் ஒரு சிறிய குறிப்பேடு பெரிதும் உதவும். புறப்படுவதற்கு முன், என்ன நடக்கும் என்று அஞ்சுகிறோமோ அதை ஒரு வரியில் எழுதி, அச்சத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். "நான் சொல்வது புரியாமல் சிரிப்பார்கள் – 8" என்று எழுதியிருக்கலாம். திரும்பி வந்ததும் அதற்குப் பக்கத்திலேயே உண்மையில் நடந்ததை எழுத வேண்டும்: "இரண்டு முறை கேட்டார்கள், சிரிக்கவில்லை, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள் – 4." ஒரு மாதத்தில் இப்படிச் சில பக்கங்கள் சேரும்போது, மனம் முன்கூட்டிச் சொன்ன ஆபத்துகளில் எத்தனை பொய்த்துப் போயின என்பதை நம் கையெழுத்திலேயே காணலாம். யார் சொல்லும் ஆறுதலையும்விட இந்தக் குறிப்பேடு நம்பத் தகுந்தது.

புரியாமல் போகும் தருணத்துக்கும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் அஞ்சுவது பேசுவதற்கு அன்று, எதிரில் இருப்பவர் வேகமாகப் பதில் சொல்லும்போது விழித்துக்கொண்டு நிற்பதற்குத்தான். "மாஆஃப், தோலோங் உலாங் செகாலி லாகி, பெர்லாஹான் சிகிட்" என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும். இன்னொரு முறை மெதுவாகச் சொல்லும்படி கேட்பதில் இழிவு எதுவும் இல்லை. எந்த மொழியிலும் எந்த நாட்டிலும் மக்கள் அப்படிக் கேட்டுத்தான் தெளிகிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரையில், "இன்ன நேரம் வந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று குறிப்பாக முடிவெடுத்தவர்கள், பொதுவாகத் தீர்மானம் மட்டும் எடுத்தவர்களைவிட அதிகமாகச் செயலை நிறைவேற்றினார்கள் என்று எடுத்துக்காட்டினார். ஆகவே "நாளைக்குத் துணிவாகப் பேசுவேன்" என்று எண்ணுவதைவிட, "என் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போய், உட்கார்ந்தவுடன் 'செலாமாட் பாகி' என்று காலை வணக்கம் சொல்வேன்" என்று முடிவெடுப்பது பயன் தரும்.

வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கும் மாணவனுக்கும், நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞனுக்கும், மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கும் படிகள் வேறுபடும், முறை இதுவேதான்.

ஊர் வாய்

சிறிய ஊரில் வாழ்பவருக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. தோட்டத்து லயம் எனும் வரிசை வீடுகளில் ஒருவர் இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். தாமானுக்கு மாறி வந்த பிறகும் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற கவலை வெறும் கற்பனையன்று. ஆனால் அந்த நாலு பேர் நம்மைப் பற்றி எவ்வளவு நேரம் எண்ணுகிறார்கள் என்பதில் நம் கணக்கு தவறிவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர் ஒருவருக்கு அவர் வெட்கப்படக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை அணிவித்து, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று பனியனை அணிந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர் அளவில்தான் இருந்தார்கள். நம் தடுமாற்றத்தை நாம் பார்க்கும் உன்னிப்போடு வேறு யாரும் பார்ப்பதில்லை. அவரவருக்கு அவரவர் பனியனைப் பற்றிய கவலையே பெரிதாக இருக்கிறது.

இருந்தாலும், முகத்துக்கு நேராகவே பேசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னிலையிலும், "என்னடா தம்பி, இன்னும் வேல கெடைக்கலயா?" என்றோ, "என்னம்மா இப்படி கருத்துப் போயிட்ட?" என்றோ கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் அத்தையாகவோ சித்தப்பாவாகவோ இருப்பதால் எதிர்த்துப் பேசவும் முடிவதில்லை, மௌனமாக விழுங்கவும் முடிவதில்லை. இதற்கென்று குறுகிய பதில் ஒன்றை முன்கூட்டியே வைத்திருப்பது நல்லது. "தேடிக்கிட்டுதான் இருக்கேன் சித்தப்பா, கெடச்சதும் உங்ககிட்டதான் மொதல்ல சொல்வேன், உங்க கால் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று சொல்லிப் பேச்சை அவர் பக்கம் திருப்பிவிடலாம். மரியாதையும் கெடாது, நம் மனமும் நொறுங்காது. உடலின் நிறத்தையும் பருமனையும் பற்றிய பேச்சுக்கு இந்த நயம் தேவையில்லை என்பது என் கருத்து. "அத அப்படிச் சொல்லாதீங்க அத்தை, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று அமைதியான குரலில் சொல்லிவிடுவதே சரி. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள் என்று நாம் பொறுத்துப் போன காலத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகள் படம் எடுக்கும்போது பின்வரிசையில் மறைந்துகொள்ளப் பழகிவிட்டார்கள்.

பெற்றோர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் செய்யலாம். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்துக் கடினமான புதிர்களைக் கண்டபோது சோர்ந்தார்கள். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யோசிக்கும் ஒவ்வொரு தாயும் தந்தையும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நம்மைப் போன்றவர்கள் செய்து காட்டியது

தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது வழி என்று பண்டூரா சொன்னதை முன்பே குறிப்பிட்டேன். இதில் "தன்னைப் போன்ற" என்பதே முக்கியம். உலகப் புகழ் பெற்ற செல்வந்தரின் கதையைக் கேட்டு வளரும் நம்பிக்கையைவிட, அதே தோட்டத்தில் அதே ஆயாக் கொட்டகையில் வளர்ந்து இன்று தாதியாக வேலை பார்க்கும் அக்காவைக் கண்ணெதிரே பார்த்து வளரும் நம்பிக்கை உறுதியானது. அப்படிப்பட்டவரை வீட்டுக்கு அழைத்து, எந்த விண்ணப்பத்தை எப்போது அனுப்பினார், எங்கே தோற்றார், யாரிடம் உதவி கேட்டார் என்று பிள்ளைகளின் முன் விவரமாகச் சொல்லச் செய்ய வேண்டும். வெற்றியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு அது எட்டாக்கனியாகவே தெரியும்.

நம் வரலாற்றிலேயே இதற்குப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பிறகு ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அந்த நிலையில் மலேசிய இந்தியர் காங்கிரசின் அன்றைய தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைக் கூட்டாகப் போட்டால் தோட்டத்தையே வாங்கிவிட முடியும் என்று எடுத்துச் சொன்னார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது; அது முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம். ஒரு தோட்டத்தில் அது நடந்ததைக் கண்டபோது மற்றத் தோட்டத்தாரும் பங்கு சேர்ந்தார்கள். நாம் கூலிகள்தாமே, நமக்கு எதற்கு நிலம் என்று எண்ணிப் பழகிய மக்கள் மனம் மாறியதற்கு, அவர்களைப் போன்றவர்களே அதைச் செய்து முடித்ததைப் பார்த்ததும் ஒரு காரணம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது வரலாற்றுப் பாடம் மட்டுமன்று.

மகிழ்ச்சிக்கு நாளும் இடமும் குறித்தல்

தோட்டத்து வாழ்க்கை இன்பமயமாக இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. வேலையாட்களைக் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பிரட்டுக்களமும், அட்டைக்கடியும், தண்டலின் அதட்டலும் அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வாழ்க்கையில் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குத் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை. வேலை ஒன்றாக முடியும், வாசற்படியில் உட்கார்ந்தாலே நான்கு பேர் வந்து சேர்வார்கள், பிள்ளைகள் ஒரே திடலில் விளையாடுவார்கள், கோயில் திருவிழாவுக்கு எல்லாக் குடும்பமும் ஏதோ ஒரு வேலையைச் செய்யும். தாமானுக்கு வந்த பிறகு வீடு நமக்குச் சொந்தமானது, குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் இரும்புக் கம்பிக் கதவு பூட்டியே இருக்கிறது. கணவருக்குப் பகல் வேலை, மனைவிக்கு இரவு வேலை, பிள்ளை கைப்பேசியில். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலேயே மூன்று தீபாவளி கடந்துவிடுகிறது.

இந்த இழப்பைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஆய்வு, பல்கலைக்கழக மாணவர்களையும் போஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சிறுவர்களையும் முதுமைவரை பின்தொடர்ந்தது. மகிழ்ச்சியோடும் உடல்நலத்தோடும் முதுமையை அடைந்தவர்களிடம் பணத்தையும் புகழையும்விடத் தெளிவாகக் காணப்பட்டது, நெருக்கமான உறவுகள் இருந்தமைதான் என்று அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். முன்பு தானாகக் கிடைத்த அந்த நெருக்கத்தை இப்போது திட்டமிட்டுத்தான் உருவாக்க வேண்டியிருக்கிறது.

திட்டம் என்றால் "ஒரு நாள் பார்ப்போம்" என்பதன்று; அந்த ஒரு நாள் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, இன்னாரோடு, இன்ன கடையில் பசியாறுவது என்று முடிவு செய்து, அதை வாரந்தோறும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மனம் சரியில்லாத வாரத்தில்தான் கட்டாயம் போக வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சிகிச்சை முறைகளில் ஒன்று, மனம் தேறும்வரை காத்திராமல், முன்பு மகிழ்ச்சி தந்த செயல்களை அட்டவணை போட்டுச் செய்ய வைப்பதேயாகும். பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களில் இதை முன்வைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் தாத்தாக்களுக்கு இது மிகவும் பொருந்தும். அவர்களுக்கு ஆறுதல் சொல்வதைவிடப் பொறுப்புக் கொடுப்பது நல்லது. பேரனைப் பள்ளிக்கு நடத்திச் செல்வது, கோயில் நந்தவனத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குபவர்களை ஒழுங்குபடுத்துவது ஆகிய வேலைகளில், "தாத்தா வரலன்னா இது நடக்காது" என்று மற்றவர்கள் உண்மையாகவே சொல்லும் நிலை இருக்க வேண்டும்.

இரவில் படுக்கும் முன் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றும் உண்டு. மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அன்று நடந்த நல்லவை மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதியவர்களுக்கு, ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது. பலர் இதைச் சடங்காகச் செய்து, "குடும்பம் நலம், கடவுள் துணை" என்று தினமும் ஒரே வரியை எழுதிச் சலித்து விட்டுவிடுகிறார்கள். பயன் கிடைப்பது "ஏன்" என்ற பகுதியில்தான். "மழைக்கு முன் துணியை எடுத்துவிட்டேன், பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுத்ததால்" என்று எழுதும்போது, நம் நாளில் இன்னொரு மனிதரின் அக்கறை கலந்திருந்தது கண்ணில் படுகிறது. மறுநாள் வேலிப் பக்கம் நின்று, "அக்கா, நேத்து நீங்க சொல்லலன்னா துணியெல்லாம் நனைஞ்சிருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இருவருக்கும் இடையில் பேச்சு தொடங்கிவிடும்.

கைப்பேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகநூலிலும் டிக்டாக்கிலும் காணும் மற்றவர்களின் புது வீடும் புதுக் காரும் நம் நாளோடு ஒப்பிடத் தகுந்தவை அல்ல. அவை அவர்களுடைய வாழ்க்கையின் தேர்ந்தெடுத்த துண்டுகள். படுக்கையறைக்கு வெளியே கைப்பேசியை மின்னேற்றிக்கு வைத்துவிட்டுத் தூங்கப் போனால் போதும், பாதித் தொல்லை நீங்கும்.

உடலும் பணமும்

தூக்கம் இல்லாத உடலில் துணிவு தங்காது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். வேலை நேரம் மாறி மாறி வருபவர்கள் பகலில் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடியாவது அதைப் பெற வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. திடலைச் சுற்றி வாரம் ஐந்து நாள் அரைமணி நேரம் விரைவாக நடந்தால் அது நிறைவேறிவிடும். சம்சு எனும் மலிவுச் சாராயமும் கள்ளும் பீரும் அந்த நேரத்துக்குக் கவலையை மறக்கச் செய்தாலும், தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் சோர்வைக் கூட்டுகின்றன. நம் சமூகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது என்பதற்காகச் சொல்லாமல் விட முடியாது.

மனத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது, சம்பளம் போதாத ஒருவருக்குச் செய்யும் அநியாயம். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சம்பளச் சீட்டில் என்னென்ன பிடித்தம் இருக்கிறது, சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டப்படுகின்றனவா என்று படித்துப் பார்த்து, புரியாததைக் கிராணியிடமோ தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ கேட்பது தன்னம்பிக்கைப் பயிற்சியின் சிறந்த படிகளில் ஒன்று. கடன் கழுத்தை நெரித்தால் ஆலோங் எனும் உரிமமில்லா வட்டிக்காரரிடம் போவதற்கு முன், 2006இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தில் இலவசமாகக் கடன் ஆலோசனை பெறலாம்.

விட்டுப்போன நாட்களும், உதவி தேவைப்படும் நாட்களும்

தொடங்கிய பயிற்சி இடையில் நின்றுபோவது இயல்பு. மழை, பிள்ளைக்குக் காய்ச்சல், கூடுதல் வேலை என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி நடத்தி 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளில் அமைந்தது, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே தவறிய நாளுக்கு வருந்திக்கொண்டிராமல், மறுநாள் அதே படியிலிருந்தோ அதற்குக் கீழ்ப் படியிலிருந்தோ தொடரலாம்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்தாலோ, எதிலும் விருப்பமில்லாமல் போனாலோ, தூக்கமும் பசியும் மாறினாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, அது பயிற்சியால் மட்டும் தீரக்கூடியது அன்று. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நீரிழிவைப் போல அதற்கும் மருத்துவம் உண்டு. செய்வினை என்றும் கண்ணேறு என்றும் எண்ணிக் கோயிலுக்கும் சாமியாரிடமும் மட்டும் அலைந்து மாதங்களைக் கடத்துவது ஆபத்தானது. கோயிலுக்குப் போவது மனத்துக்கு ஆறுதல் தரும் என்றால் தாராளமாகப் போகலாம். அதோடு அரசாங்க சுகாதார கிளினிக்கிற்கும் போக வேண்டும். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான் கட்டணம். சில கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுத்து முதற்கட்டமாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

தொலைபேசியில் பேச விரும்புபவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையோ, அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் 15999 என்ற எண்ணையோ அழைக்கலாம். நள்ளிரவில் தாங்க முடியாத எண்ணம் வந்தால், மனத்துயரில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 999ஐ அழைக்க வேண்டும்.

அண்ணனோ தங்கையோ நண்பரோ இந்த நிலையில் இருப்பதாகத் தெரிந்தால், "நீ போய் டாக்டரைப் பார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. சோர்ந்திருப்பவருக்குக் குளித்துச் சட்டை மாற்றுவதே பெரும் பாடு. நாளைக் குறித்து, காலையில் மோட்டாரில் போய் ஏற்றிக்கொண்டு, பதிவு கவுண்டரில் கூடவே நின்று, அவருக்குச் சொல்ல வராவிட்டால் "டியா தாக் போலே தீடோர், செலாலு செடே" என்று நாமே சொல்ல வேண்டும். தூங்க முடியவில்லை, எப்போதும் துயரமாக இருக்கிறார் என்ற அந்த இரண்டு செய்திகளே மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்கப் போதுமானவை.